"நல்லா இருக்கேன்மா"

அறை பாதி காலியாகிவிட்டது. ஒரு பெட்டியை மூடியாயிற்று. இன்னொன்றில் புத்தகங்களை வைப்பதும் எடை பார்ப்பதும் மறுபடி எடுப்பதுமாக இருக்கிறேன். ஆய்வேட்டைக் கொடுத்து ஒன்பது நாளாகிறது. வெள்ளிக்கிழமை அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இந்த இரண்டு வருட வெளிநாட்டுப் படிப்பு என்னிடம் எதை மாற்றியது என்று யோசித்தால், பட்டத்தைவிட முதலில் ஒரு பொய்தான் நினைவுக்கு வருகிறது. வந்த நாளிலிருந்து தினமும் அம்மாவிடம் "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லிவந்தேன். மூன்று நாள் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோதும் அதையேதான் சொன்னேன். முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று, சிக்னல் சரியில்லை என்று சொல்லி வீடியோவை அணைத்துவைத்தேன்.

வகுப்பிலும் அப்படித்தான். புரியாத இடத்தில் தலையாட்டிவிடுவேன். ஒரு கேள்வியை மனதுக்குள் அமைத்து, இலக்கணம் பார்த்து, வாயைத் திறப்பதற்குள் பேச்சு எங்கோ போயிருக்கும். பள்ளியிலிருந்தே முதல் வரிசையில் உட்கார்ந்து பழகியவள் நான். 'தெரியவில்லை' என்ற சொல் எனக்கு வரவே வராது.

ஏழாவது மாதம்தான் மோசம். தூக்கம் வராமல் நூலகத்தில் உட்கார்ந்து, பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு கட்டுரையைத் தேடிப் படித்தேன். நார்வே சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955இல் எழுதியது. ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களை ஆராய்ந்திருந்தார். 6 மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களையும் 18 மாதத்தைத் தாண்டியவர்களையும்விட, இடைப்பட்ட காலம் தங்கியவர்கள்தான் அதிகம் தடுமாறியிருந்தார்கள். எல்லாருக்கும் இது பொருந்தாது, பலருக்கு ஆரம்ப நாட்களே கடினம் என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் அன்று ராத்திரி எனக்கு அது பெரிய ஆறுதல். என்னிடம் மட்டும் ஏதோ கோளாறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டினாள். வேறொரு நாட்டுக்காரி. இந்த ஊர் மொழி அவளுக்கும் கற்றுக்கொண்ட மொழிதான். "ரெண்டு நாளா சமையலறைப் பக்கமே காணோமே, சரியா இருக்கியா?" என்று கேட்டாள். வழக்கமான பதில் வாய்வரை வந்துவிட்டது. அப்புறம் "இல்லை" என்றேன். அவள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். எந்த அறிவுரையும் சொல்லவில்லை. நான் அழுது முடிக்கும்வரை இருந்தாள்.

மறுநாள் காலை, ஆய்வு வழிகாட்டிக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதினேன். மூன்றாம் அத்தியாயத்தில் எனக்கு வழி தெரியவில்லை, உதவி வேண்டும். அந்த இரண்டு வரிக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. நாளைக்கே வா என்று பதில் வந்தது. ஆறு வாரமாக நான் முட்டிக்கொண்டிருந்த இடத்தை நாற்பது நிமிடத்தில் இருவருமாகத் தாண்டிவிட்டோம். என்மேல் அவருக்கிருந்த மதிப்பு குறைந்ததாகத் தெரியவில்லை.

வெளிநாட்டில் படித்த ஜெர்மன் மாணவர்களைப் பற்றி ஸிம்மர்மன், நேயர் என்ற இரு உளவியலாளர்கள் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்த மாணவர்களிடம் புதியவற்றுக்கு இடம் கொடுக்கும் மனம் கூடியிருந்தது, மனப் பதற்றம் குறைந்திருந்தது. அதற்குப் பெரும்பாலும் அங்கே கிடைத்த புது உறவுகளே காரணம் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். அதைப் படித்தபோது தரையில் உட்கார்ந்திருந்த அவள்தான் ஞாபகத்துக்கு வந்தாள்.

அம்மாவிடம் சொல்ல இன்னும் மூன்று மாதம் ஆனது. "எனக்கு இங்க ரொம்பக் கஷ்டமா இருந்துச்சும்மா. உன்கிட்ட மறைச்சுட்டேன்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்பாவுக்கு ஒரு ஆபரேஷன் ஆச்சு கண்ணு. உனக்குப் பரீட்சை நேரம். நாங்களும் சொல்லலை."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எப்படிச் சொல்லாமல் இருந்தீர்கள் என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே, காய்ச்சலோடு நான் அணைத்துவைத்த அந்த வீடியோ நினைவுக்கு வந்தது. இருவரும் அழுதோம். அன்றைக்குப் பிறகு தினமும் பேசுவதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை, நிதானமாகப் பேசுகிறோம். அப்பாவும் இப்போது தன் மாத்திரைக் கணக்கை என்னிடம் சொல்கிறார்.

இப்போது வேறொரு பயம். ஊர் திரும்பிய பிறகும் அதே தடுமாற்றம் இன்னொரு முறை வரலாம் என்று 1963இலேயே கல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதி எழுதியிருக்கிறார்கள். நேற்று அம்மாவிடம் சொன்னேன்: "வந்த புதுசுல நான் ஒரு மாதிரி இருந்தா தப்பா நினைச்சுக்காதம்மா."

"இரு, அதுக்கென்ன. நானும் முன்ன மாதிரியா இருக்கேன்? வந்து பாரு" என்றார்.

இரண்டாவது பெட்டி மூட மாட்டேன் என்கிறது. பக்கத்து அறைக்குப் போய், கொஞ்சம் வந்து மேலே உட்கார முடியுமா என்று கேட்டேன். சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.