வயிற்றுவலிக்குப் போனோம், வீடே உட்கார வேண்டியதாயிற்று

மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனதிலிருந்து காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். குழந்தை மருத்துவர்தான் "வீட்டுல ஏதாவது டென்ஷனா?" என்று கேட்டு, ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார். வில்லிவாக்கத்திலிருந்து அண்ணா நகருக்கு மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். அவளிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "அடுத்த தடவை வீட்டுல இருக்கிற எல்லாரும் வரணும்" என்றார் அந்த அம்மா. குடும்பத்தையே சேர்த்து உட்கார வைத்துப் பேசும் இந்தச் சிகிச்சைக்கு ஃபேமிலி தெரபி என்று பெயர்.

எல்லாரும் என்றால் என் கணவரும் அவர் அப்பாவும், அதாவது என் மாமாவும். மாமா ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயரானவர். அப்பாவும் பிள்ளையும் நேருக்கு நேர் பேசிப் பல வருஷம் ஆகிறது. சத்தமான சண்டை எதுவும் கிடையாது. ஒரே ஹாலில் உட்கார்ந்துகொண்டு, "சிலிண்டருக்குப் பணம் வெச்சாச்சான்னு உங்கப்பாவைக் கேளு" என்று பேத்தியிடம் சொல்வார். அவள் இல்லாவிட்டால் அந்த வேலை எனக்கு.

"எனக்கென்ன பைத்தியமா?" என்றுதான் மாமா முதலில் கேட்டார். பாப்பாவுக்கு உதவியாக வாங்க என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள்; அப்படிக் கேட்டதும் மறுக்கவில்லை. ஆனால் வீட்டு விஷயம் வெளியே போகாது இல்லையா என்று போன உடனே கேட்டார். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதை ரகசியமாக வைக்கச் சொல்கிறது என்று சைக்காலஜிஸ்ட் விளக்கியதும் சமாதானமானார். ரயில்வேக்காரருக்குச் சட்டம் என்றால் ஒரு மரியாதை!

எல்லோரையும் சேர்த்து உட்கார வைப்பதற்கு முன், சைக்காலஜிஸ்ட் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் அடிதடி உண்டா, யாரைப் பார்த்தாவது பயமா என்று விசாரித்தார். அப்படிப்பட்ட வீட்டில் கூட்டாகப் பேச வைத்தால், அங்கே வாய்திறந்ததற்கு வீட்டில் அடி விழலாம். இதைக் கேட்காமலே ஆரம்பிக்கிறவர்களிடம் நான் போக மாட்டேன்.

அப்புறம் ஒரு பெரிய தாளில் மூன்று தலைமுறைக்குக் குடும்பப் படம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பேச்சுவார்த்தை கெட்டுப்போன இடத்தில் ஒடிந்து ஒடிந்து போகும் ஜிக்ஜாக் கோடு. கணவருக்கும் மாமாவுக்கும் நடுவே அந்தக் கோட்டைப் போட்டபோது மாமா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "எங்கப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவுலயும் போடுங்க" என்று அவரே விரலை வைத்துக் காட்டினார்.

மகளிடம் கேட்ட கேள்வி வேறு மாதிரி. "தாத்தாவும் அப்பாவும் முறைச்சுக்கிட்டா அம்மா என்ன செய்வாங்க?"

"அடுப்படிக்குப் போயிடுவாங்க."

"அப்போ நீ?"

"நான் நடுவுல உட்காருவேன். எனக்கு வயிறு வலிச்சா ரெண்டு பேரும் என்கிட்ட வந்துடுவாங்க."

அவள் வேண்டுமென்று நடிக்கவில்லை, வலி நிஜம் என்பதை எங்களுக்கு அழுத்திச் சொன்னார்கள். இரண்டு பேருக்குள் இறுக்கம் தாங்க முடியாமல் போனால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் இதை முக்கோணம் என்று விவரித்திருக்கிறாராம். எங்கள் வீட்டு முக்கோணத்தின் மூன்றாவது முனை இந்தப் பொண்ணு.

அடுத்த தடவை என்னையும் மகளையும் ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டு, அவர்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார். "என்கிட்ட சொல்லாதீங்க, அவரைப் பார்த்துச் சொல்லுங்க." ரொம்ப நேரம் ஃபேன் சத்தம்தான். கடைசியில் வந்தது மாமாவின் பழைய பிஎஃப் பணத்தைப் பற்றிய பேச்சு. அதை மாமா என் கொழுந்தனார் கடை வைக்கக் கொடுத்துவிட்டார். "நீ சமாளிச்சுக்குவேன்னு நினைச்சேன்டா" என்றார். "சமாளிக்கிறவனுக்கு ஒண்ணும் கிடையாதாப்பா?" என்றார் இவர். அன்றைக்கு அதற்கு மேல் நகரவில்லை.

வீட்டுப்பாடம் எனக்கும் மகளுக்கும்தான்: யார் சொல்லும் சேதியையும் கொண்டுபோகக் கூடாது, "நீங்களே சொல்லுங்க" என்பதோடு சரி. கேட்க எளிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி பாதி வேகும்போது சிலிண்டர் தீர்ந்தது. மாமா புக் பண்ணவில்லை, இவர் பணம் வைக்கவில்லை, சேதி சொல்ல ஆள் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். "ஏண்டா, சொல்றதுக்கென்ன?" "நீங்க கேட்டீங்களா?" என்று அடுப்படி வாசலில் ஆரம்பித்தது, பக்கத்து வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வருவதில் முடிந்தது.

இப்போது இருவரும் நேரடியாகவே சண்டை போடுகிறார்கள், பெரும்பாலும் டிவி சத்தத்துக்கு. மகளுக்கு வயிற்றுவலி பரீட்சை சமயத்தில் மட்டும் எட்டிப்பார்க்கிறது. கொழுந்தனாரையும் அங்கே பேச வரச்சொல்லிக் கூப்பிடுவது பற்றி மாமாவும் இவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

போக நினைப்பவர்கள் முதல் போனிலேயே ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உண்டா, குடும்பமாகப் பார்த்த அனுபவம் உண்டா, ஒரு அமர்வுக்கு எவ்வளவு என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். எங்கே தொடங்குவதென்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.