ஓரத்து எழுத்தைப் பதிவு செய்யும்போது

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்து வீட்டு அலமாரிகளில் இருந்து வரும் பழைய சமய நூல்களுக்குப் பட்டியல் போடுவதில் தலைப்பும் அச்சுக்கூடமும் எழுதிக்கொள்வது சுலபம். பெரும்பாலும் 1835இல் அச்சுக்கூடக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு வந்தவை. இன்னொரு படி எங்காவது கிடைத்துவிடும். ஓரத்தில் கையால் எழுதியது அந்த ஒரு படியில்தான் உண்டு. எங்கள் நேரத்தில் பாதி அதற்கே போகிறது.

எது கையெழுத்து என்பதே முதல் சிக்கல். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளில் கல்லச்சு நிறைய. கல்லில் ஏறியதே ஒருவர் கையெழுத்து என்பதால், ஓரத்தில் அச்சான உரையும் பேனாவால் எழுதியதாகவே தெரியும். பக்கத்தின் அடியில் நிற்கும் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லையும் புதிதாக வருபவர்கள் வாசகர் குறிப்பு என்று பதிந்துவிடுகிறார்கள். தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்த மை பழுப்பேறி மறுபக்கம் ஊறியிருக்கும்; கோடு தடித்த இடத்தில் தாளே அரித்துப்போயிருக்கும். அச்சு மை அப்படி அரிக்காது, கறுப்பும் மாறாது.

தேவார, பிரபந்தப் பதிப்புகளில் கடைசித் தாளின் பிழைதிருத்தப் பட்டியலைப் பார்க்காமல் எதையும் பாடபேதம் (மூலப் பாடலின் மாற்று வடிவம்) என்று எழுதக் கூடாது. வாங்கியவர் அந்தப் பட்டியலைப் பார்த்து உள்ளே ஒவ்வொன்றாகத் திருத்தியிருப்பார். பல படிகளில் முதல் சில பாரங்களோடு (ஒரே தாளில் சேர்த்து அச்சிட்ட பக்கத் தொகுதிகளோடு) உற்சாகம் தீர்ந்துவிடும். பட்டியலில் இல்லாத திருத்தம்தான் விஷயம். ஏட்டைப் பார்த்தோ, ஓதக் கேட்டோ திருத்தியிருக்கலாம். அச்சில் இல்லாத பண்ணின் பெயர், சீர் பிரித்த சின்னக் கோடு இருந்தால் பாடப் பயன்பட்ட புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம். இராமேச்சுரப் பதிகமோ திருப்புல்லாணிப் பாசுரமோ உள்ள பக்கத்தில் மட்டும் எண்ணெய்க் கறை கூடியிருந்தால் அதையும் எழுதிவைக்கிறோம், துடைப்பதில்லை.

தேதிதான் ஆளைக் குழப்பும். ‘விகிருதி௵ தை௴’ (விகிருதி வருடம், தை மாதம்) என்று மட்டும் இருந்தால், 60 ஆண்டுச் சுற்றில் விகிருதி 1890இலும் பிறந்தது, 1950இலும் பிறந்தது. தை என்பதால் ஆங்கிலக் கணக்கில் 1891 அல்லது 1951. பக்கத்தில் ‘௲௮௱௯௰௧’ (1891) என்றோ ஹிஜ்ரி 1308 என்றோ இருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால் இரண்டு ஆண்டையும் குறித்து, மையின் வகையைச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

படம் எடுக்கப் புத்தகத்தை முழுக்க விரிக்காமல் இரு பக்கமும் துணிச் சுருளால் தாங்க வேண்டும். மங்கிய பென்சிலுக்கு விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து இன்னொரு படம். வாடை காலத்து ஈரத்தில் தாள் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். தண்ணீர் தொட்டுப் பிரிப்பது அதைவிட மோசம்: காப்பிங் பென்சில் எழுத்து ஊதாவாகப் பரவிவிடும். இத்தனையும் முடிந்த பிறகுதான் பைண்டரிடம் பேச்சு. மூன்று ஓரத்தையும் கால் அங்குலம் வெட்டிச் சீராக்கினால் புத்தகம் அழகாக இருக்கும், குறிப்புகளின் பாதிச் சொற்கள் போய்விடும். ‘கட்டிங் வேண்டாம்’ என்று சீட்டில் எழுதியே கொடுக்க வேண்டும், வாய்ச்சொல் நிற்காது.

குறிப்பைப் பார்த்து எழுதிக்கொள்ளும்போது, மூலத்தில் புள்ளியில்லாத எழுத்தைப் புள்ளி வைத்துத் திருத்தக் கூடாது. வெற்றுத் தாள்களில் பிறப்பு, இறப்பு, கைமாற்றுக் கணக்கெல்லாம் கலந்திருக்கும். வீட்டாரிடம் கேட்காமல் அந்தப் பக்கத்தை இணையத்தில் ஏற்றுவதில்லை. சிலர் அதைக் கிழித்துவிட்டுத் தருகிறோம் என்பார்கள். பக்கத்தை மறைத்துவைக்கிறோம், கிழிக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கிறோம்.