ஸ்வாப் எடுத்ததிலிருந்து தனிமைப்படுத்தும் வரை: நேரம் எங்கே போகிறது

ஊரடங்கு போட்ட மறுநாளே தொற்று குறையாது. 2020-ல் பரவிய கொரோனாவில், கிருமி புகுந்து அறிகுறி தெரியவே சராசரியாக 5 நாள் ஆனது. பிறகு பரிசோதனை, முடிவு என்று மேலும் சில நாள். அதனால் ஊரடங்குக்கு முன்பே தொற்றியவர்கள் பத்துப் பன்னிரண்டு நாள்வரை கணக்கில் ஏறிக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்குள் பரவுவது அதற்குப் பிறகும் தொடரும். ஊரடங்கால் கிடைப்பது அவகாசம்தான். தொற்றியவரை விரைவாகக் கண்டுபிடித்துப் பிரித்து வைக்காவிட்டால் அந்த அவகாசம் வீண்.

மாதிரி எடுக்கும் ஸ்வாப் குச்சியை மூக்கில் மேல்நோக்கிச் செலுத்தக் கூடாது; அண்ணத்துக்கு இணையாக நேரே உள்ளே போக வேண்டும். தடை தட்டியதும் சில விநாடி நிறுத்தி, சுழற்றி எடுக்க வேண்டும். பஞ்சு சுற்றிய மரக்குச்சி வேண்டாம், கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் வினையையே அது கெடுக்கலாம். குச்சியை இட்ட குழாயில் மாதிரி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் தாங்கும். மாதிரியில் மனித செல் வந்திருக்கிறதா என்று அறிய, ஆய்வகத்தில் ஆர்என்ஏஸ்-பி என்ற மனித மரபணுவையும் சேர்த்துப் பார்ப்போம். கிருமியும் தெரியவில்லை, அதுவும் தெரியவில்லை என்றால் மாதிரியே சரியில்லை. அதை நெகட்டிவ் என்று எழுதி அனுப்புவது ஆபத்து. மறுபடி எடுக்க வேண்டும்.

சோதனை கிட் போதாதபோது பத்து மாதிரியை ஒன்றாகக் கலந்து பார்க்கலாம். கலவை நெகட்டிவ் என்றால் பத்துப் பேருக்கும் அதுவே முடிவு; பாசிட்டிவ் என்றால் மட்டும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நூற்றில் ஒருவருக்குத் தொற்று என்றால், 1,000 பேருக்கு 100 கலவை. அதில் பத்துக் கலவை பாசிட்டிவ் ஆகும், அவற்றைப் பிரித்துப் பார்க்க இன்னொரு 100. ஆக 200 சோதனையில் வேலை முடியும். பத்தில் ஒருவருக்குத் தொற்று என்ற நிலையில் இதுவே 750-ஐத் தொடும். அப்போது கலப்பதில் லாபம் குறைவு, தாமதம்தான் மிச்சம்.

தாமதம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. அறிகுறிக்கு 2 நாள் முன்பே ஒருவர் பரப்பத் தொடங்கிவிடலாம்; நான்கு நாள் கழித்து வரும் முடிவு பதிவேட்டுக்கு மட்டுமே உதவும். கருவியில் ஓடும் நேரம் இரண்டு மணி நேரத்துக்குள்தான். மற்ற நேரமெல்லாம் வண்டிக்குக் காத்திருப்பதிலும், படிவத்துக்கும் குழாய்க்கும் எண் பொருந்தாததிலும், தவறான கைபேசி எண்ணிலும் போகிறது. லேபிளை ஸ்வாப் எடுக்கும் முன்பே ஒட்டுங்கள். தந்த எண்ணுக்கு அங்கேயே ஒரு அழைப்பு விட்டு, மணி அடிக்கிறதா என்று பாருங்கள்.

இத்தாலியின் வோ என்ற சிற்றூரில் 2020 பிப்ரவரியில் ஊரை மூடி, ஊரார் பெரும்பாலோரையும் இருமுறை பரிசோதித்தார்கள். தொற்றியவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அறிகுறியே இல்லை. அவர்களையும் பிரித்து வைத்ததால் பரவல் அடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 31, நவம்பர் 1 தேதிகளில் ஸ்லோவாக்கியா ஏறத்தாழ 36 லட்சம் பேருக்கு ரேபிட் ஆன்டிஜென் சோதனை (கிருமியின் புரதத்தைத் தேடி, சில நிமிடங்களில் முடிவு சொல்லும் சோதனை) செய்தது. 38,000-க்கும் அதிகமானோர் பாசிட்டிவ். பரவல் தணிந்தது, ஆனால் டிசம்பரில் மீண்டும் ஏறியது. தொற்றிய ஓரிரு நாளில் ஆன்டிஜென் சோதனையில் சிக்காதவர்கள் பிறகு பரப்புவார்கள். சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். தனிமையில் இருக்கும் நாட்களுக்குக் கூலி கிடைக்காது என்றால், அந்தச் சோதனைக்கு யாரும் வரமாட்டார்கள்.