பழைய கணினியில் லிப்ரே ஆஃபிஸ் திறக்கவில்லையா? முதலில் அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள்

தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு அடித்துத் தரும் ஜாப் டைப்பிங் கடைகளில் அன்று காலை ஒரு கணினி நின்றால்கூடக் கூட்டம் தெருவுக்கு வந்துவிடும். அப்படி ஒரு கடையில், கடிதம், பட்டியல் அடிக்கப் பயன்படும் இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸ் திறக்காமல் போன கணினியைச் சரிசெய்த விவரம் இது. டூயல் கோர் பிராசசர், 2 ஜிபி ரேம், 32 பிட் விண்டோஸ் 7. லிப்ரே ஆஃபிஸில் கடிதம் அடிக்கும் பகுதியான ரைட்டரின் ஐகானை டபுள் கிளிக் செய்தால் பச்சைக் கோட்டோடு வரும் தொடக்கப் படம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

கடையில் அதற்குள் அன்இன்ஸ்டால் செய்து மறுபடியும் போட்டுப் பார்த்திருந்தார்கள். எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான்; பெரும்பாலும் பலன் இருக்காது. அன்இன்ஸ்டால் செய்தாலும் நம் அமைப்புகள் (செட்டிங்ஸ்) இருக்கும் யூசர் புரொஃபைல் கோப்புறை அப்படியே தங்கிவிடும். கோளாறு அதற்குள் இருந்தால், எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் அதே பழைய கோப்பைத்தான் படிக்கும்.

அதனால் மென்பொருள் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் புராசஸ் பட்டியலில் 'எஸ்ஆஃபிஸ்.பின்' என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். பெயர் இருந்து ஹார்ட் டிஸ்க் விளக்கும் விடாமல் மின்னினால் அது திறந்துகொண்டுதான் இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க், 2 ஜிபி ரேம் என்றால் கணினியைப் போட்டதும் முதல் தடவை திறக்க ஒரு நிமிடத்துக்கு மேலேகூட ஆகலாம். பொறுமையில்லாமல் மறுபடி மறுபடி சொடுக்குவதால் வேகம் கூடாது. பெயர் இருந்து, விளக்கும் அசையாமல், திரையிலும் ஒன்றும் வரவில்லை என்றால் அது மாட்டிக்கொண்ட புராசஸ். அடுத்து எத்தனை முறை சொடுக்கினாலும் கட்டளை அந்த மாட்டிக்கொண்டதிடமே போய்ச் சேரும். 'எண்ட் புராசஸ்' கொடுத்துவிட்டுத் திறந்தால் பல நேரம் அதோடு வேலை முடிந்துவிடும்.

இந்தக் கணினியில் பட்டியலில் பெயர் வந்த வேகத்திலேயே மறைந்தது. அடுத்த சோதனை சேஃப் மோட். ஸ்டார்ட் மெனுவில் லிப்ரே ஆஃபிஸ் கோப்புறைக்குள்ளேயே 'சேஃப் மோட்' என்று தனி ஐகான் உண்டு, 5.3 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. அது யூசர் புரொஃபைலைத் தொடாமல், தற்காலிகமாக ஒன்றை உருவாக்கித் திறக்கும். சேஃப் மோடில் திறந்தால் புரொஃபைலிலோ, கூடுதலாகச் சேர்த்த எக்ஸ்டென்ஷனிலோ, திரை வரைவதை வேகப்படுத்தும் கிராஃபிக்ஸ் முடுக்கத்திலோ (ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன்) கோளாறு. அதிலும் திறக்காவிட்டால் நிறுவல், விண்டோஸ், எழுத்துரு, டிஸ்க் என்று வேறு பக்கம் தேட வேண்டும். பாதி வேலையை இந்த ஒரு சோதனை முடித்துவிடும்.

இங்கே சேஃப் மோடில் திறந்தது. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் 'ஆப்டேட்டா' என்பதை ஆங்கிலத்தில் முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு அடித்தால் மறைந்திருக்கும் கோப்புறை திறக்கும். அதற்குள் லிப்ரே ஆஃபிஸ், அதற்குள் 4, அதற்குள் யூசர். 4 என்றதும் பழைய பதிப்பின் மிச்சம் என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 4ஆம் பதிப்புக்குப் பிறகு வந்தவையும் அதே பெயரைத்தான் பயன்படுத்துகின்றன. யூசர் கோப்புறையில் 'ரிஜிஸ்ட்ரிமாடிஃபிகேஷன்ஸ்' என்று தொடங்கும் கோப்பின் அளவு 0 கேபி என்று இருந்தது. நோட்பேடில் திறந்தால் வெற்றுப் பக்கம். நம் அமைப்புகள் முழுவதும் எழுதப்படும் கோப்பு இது. அதை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், யுபிஎஸ் பேட்டரியும் தாங்காவிட்டால் இப்படி ஆகும்.

தீர்வு, 'யூசர்' கோப்புறையை 'யூசர் பழையது' என்று பெயர் மாற்றுவது. அழிக்கவே கூடாது. பெயர் மாற்றிவிட்டுத் திறந்தால் புதிய கோப்புறை தானாக உருவாகும். சேஃப் மோட் பெட்டியில் 'ஃபேக்டரி செட்டிங்ஸ்' என்ற வழியும் உண்டு. ஆனால் ஜாப் டைப்பிங் கடையில் அதைத் தொட வேண்டாம் என்பேன். ஆட்சியர் முகவரி, பட்டா மாறுதல் மனுவின் வாசகம் எல்லாம் ஆட்டோடெக்ஸ்டாகப் பல வருடம் சேர்த்து வைத்தவை. முழுப் புரொஃபைலையும் மீட்டமைத்தால் அவையும் போய்விடும். லிப்ரே ஆஃபிஸை மூடிவிட்டு, பழைய கோப்புறையிலிருந்து ஆட்டோடெக்ஸ்ட், ஆட்டோகர், வேர்ட்புக், டெம்ப்ளேட் ஆகிய நான்கு கோப்புறைகளை மட்டும் புதியதற்குள் நகலெடுத்தால் போதும். கெட்டுப்போன அந்த அமைப்புக் கோப்பை மட்டும் கூடவே கொண்டு வந்துவிடாதீர்கள்.

புரொஃபைல் புதிதான பிறகும் திறந்த சற்று நேரத்தில் விழுந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகிக்கலாம். 7.0 பதிப்பிலிருந்து விண்டோஸில் திரை வரைவதற்கு ஸ்கியா என்ற பகுதி வந்தது. பழைய டிரைவர்களோடு அது ஒத்துப்போகாமல் போவதுண்டு. சேஃப் மோட் பெட்டியில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை நிறுத்தும் தேர்வில் டிக் செய்து மறுபடி தொடங்குங்கள். கடிதம், பட்டியல் அடிக்கும் வேலைக்கு அந்த முடுக்கம் இல்லாததால் எந்தக் குறையும் தெரியாது.

சேஃப் மோடிலும் திறக்காத கணினிகள் வேறு ரகம். 'ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி' என்று தொடங்கும் டிஎல்எல் (மென்பொருள் ஓட வேண்டிய துணைக் கோப்பு) இல்லை என்று செய்தி வந்தால், விண்டோஸ் 7 அப்டேட் ஆகாமல் கிடக்கிறது என்று அர்த்தம். சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா பார்த்து, கேபி 2999226 என்ற எண்ணுள்ள விண்டோஸ் அப்டேட்டைப் போட வேண்டும். லிப்ரே ஆஃபிஸ் தன் தேவைப் பட்டியலில் கேபி 3063858 என்ற அப்டேட்டையும் கேட்கிறது. டிஎல்எல் கோப்பை மட்டும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போடுவது வைரஸுக்குக் கதவு திறந்து வைப்பது, தயவுசெய்து வேண்டாம். சி டிரைவ் நிரம்பியிருந்தாலும் திறக்காது, அதையும் ஒரு பார்வை பாருங்கள். கல்யாணப் பத்திரிகை வேலைக்காகப் பென் டிரைவில் வந்த தமிழ் எழுத்துருக்களை நூற்றுக்கணக்கில் போட்டிருக்கும் கணினியில், சிதைந்த ஒரே ஒரு எழுத்துரு போதும், தொடக்கத்திலேயே கவிழ்க்க. கடைசியாகப் போட்டவற்றை வேறு கோப்புறையில் நகலெடுத்து வைத்துக்கொண்டு நீக்கிப் பாருங்கள்.

லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப் என்றால் வேலை சுலபம். டெர்மினலிலிருந்து திறந்தால் எங்கே நிற்கிறது என்று அதுவே சொல்லும். புரொஃபைல் இருப்பது ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும் 'கான்ஃபிக்'குக்குள்.

புதிதாகப் போடத்தான் வேண்டும் என்றால் பதிப்பைப் பார்த்து எடுங்கள். எக்ஸ்பி, விஸ்டா இரண்டுக்கும் 5.4தான் கடைசி. விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் 25.2 வரிசையோடு முடிந்தது. 2025 ஆகஸ்டில் வந்த 25.8 விண்டோஸ் 10க்குக் கீழ் ஓடாது. 7.6க்கு அடுத்து 24.2 என்று எண் தாவியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2024 முதல் ஆண்டையும் மாதத்தையும் வைத்து எண் போடுகிறார்கள். 32 பிட் விண்டோஸில் 64 பிட் கோப்பை ஓட்டினால் 'இந்த பிராசசருக்குப் பொருந்தாது' என்ற செய்தி வரும். அதற்குக் கணினி பழுது என்று பொருள் அல்ல. பழைய பதிப்புகள் எல்லாம், லிப்ரே ஆஃபிஸை வெளியிடும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷனின் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்தத் தளமே திறக்காமல் சான்றிதழ் பிழை என்று வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த கணினியில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். சிஆர்2032 பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்தபின் பதிவிறக்கம் தடையில்லாமல் நடக்கும்.