ஏர் பிஸ்டல் நாட்குறிப்பு: இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில்

2025 ஜூன் 1, ஞாயிறு. நாகர்கோவில்

பிஸ்டல் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "பவர் எவ்வளவு?" என்றுதான். பத்து மீட்டர் தூரத்து இலக்கு அட்டையைச் சுட பவருக்கு வேலையே இல்லை. அரை கிராம் பெல்லட் (ஈயக் குண்டு), நொடிக்கு 150 மீட்டர் வேகம். கணக்குப் போட்டால் 5.6 ஜூல் வரும். 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலையும் 0.177 அங்குலக் குழல் அளவையும் தாண்டாத ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம். வாங்கும்போது அடையாளச் சான்று கொடுக்க வேண்டும். ரசீதின் நகல் ஒன்று பிஸ்டல் பெட்டியிலேயே கிடக்கட்டும்.

வகை மூன்று நான்குதான். ஸ்பிரிங் பிஸ்டல் விலை குறைவு. ஆனால் பெல்லட் குழலுக்குள் இருக்கும்போதே பிஸ்டன் இடித்து நிற்கும், பிடி கொஞ்சம் மாறினாலும் அடி மாறும். கார்பன் டை ஆக்சைடு கேப்சூல் போட்டது வேகமாகச் சுட்டால் குளிர்ந்துவிடும்; அடி மெல்லக் கீழிறங்கும். ஒற்றை நெம்பில் காற்றேற்றும் பிஸ்டல் நம்பகமானது. அறுபது குண்டுக்கு அறுபது தடவை நெம்பினால் சுடும் கைதான் களைத்துப்போகும். 200 பார் அழுத்தத்தில் காற்றை முன்பே அடைத்த சிலிண்டர் போட்ட பிசிபி வகை சுகம், விலைதான் அதிகம். தொடங்குகிறவருக்கு ஒற்றை நெம்பு போதும். பழைய பிசிபி கிடைத்தால் இன்னும் நல்லது, சிலிண்டரில் பொறித்த தேதியை முதலில் பார்த்துவிட்டு.

ஜூன் 5, வியாழன்

இன்று முழுக்க க்ரிப், அதாவது கைப்பிடி. பிராண்டைவிட இது முக்கியம்.

சோதனை இது. காலி பிஸ்டலை இலக்குப் பக்கம் நீட்டிப் பிடித்து, கண்ணை மூடி, கையைத் தாழ்த்தி, மறுபடி உயர்த்தி, கண்ணைத் திறக்க வேண்டும். முன் சைட் (குறிபார்க்கும் முள்) பின் சைட்டின் வெட்டுக்கு நடுவில் நிற்கிறதா? இடது ஓரமாகவோ வலது ஓரமாகவோ நின்றால் க்ரிப் கைக்குப் பொருந்தவில்லை. பலர் காலைத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். காலைத் திருப்பினால் பிஸ்டல் மொத்தமும் திரும்பும். முன் சைட்டும் பின் சைட்டும் ஒன்றுக்கொன்று நிற்கும் நிலை மாறாது. க்ரிப் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்பலாம், இல்லையென்றால் மரத்தில் கைவைக்க வேண்டும்.

எங்கே இடைவெளி என்று கண்டுபிடிக்க உள்ளங்கையில் சுண்ணாம்புப் பொடி தடவிப் பிடித்தால் போதும். பொடி ஒட்டாத இடத்தில் எம்-சீல் பூச வேண்டும், ஒரு தடவைக்கு 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கையில் மெல்லிய பாலித்தீன் சுற்றி, சுடும்போது பிடிப்பதுபோலப் பிடித்து, தடம் பதிந்ததும் விட்டுவிட்டு மறுநாள் வரை காயவிட வேண்டும். மேடான இடத்தை அரத்தால் தேய்க்கலாம். பெரும்பாலானோர் செய்யும் தவறு, காலை நேரக் குளிர்ச்சியில் கச்சிதமாக இறுக்கிவிடுவது. மதியப் புழுக்கத்தில் கை உப்பும், பிடி கடிக்கும். ஒரு நூல் தளர்வு இருக்கட்டும்.

ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முந்திய சதை மட்டும் டிரிகரில் பட வேண்டும். விரலின் பக்கம் மரத்தில் உரசினால், அழுத்தும்போது மரத்தையும் சேர்த்துத் தள்ளும்.

ஜூன் 8, ஞாயிறு

டிரிகர் எடை. போட்டி விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம். பிஸ்டல் மொத்தம் 1,500 கிராமைத் தாண்டக் கூடாது.

வீட்டிலேயே அளக்கலாம். அரை லிட்டர் குப்பியில் தண்ணீர் ஊற்றி, கொக்கிக் கம்பியையும் சேர்த்து, பலசரக்குக் கடைத் தராசில் 500 கிராமுக்குச் சரிபார்க்க வேண்டும். பெல்லட் இல்லாத பிஸ்டலைக் காக் செய்து (சுடத் தயார்நிலையில் வைத்து), குழலை நேர் மேலே வைத்து, டிரிகரில் மாட்டி மெல்லத் தூக்க வேண்டும். விடுபடாமல் தூக்கினால் சரி. கொக்கி டிரிகரின் நுனிக்கு நழுவினால் நெம்புகோல் நீளம் கூடி, சரியான டிரிகரும் விடுபட்டுவிடும், நடுவில் மாட்டவும். 510 அல்லது 520-இல் வைத்துவிட்டால் திருகு கொஞ்சம் நகர்ந்தாலும் பயமில்லை. டிரிகர் இரண்டு கட்டமாக அழுந்தும்: முதல் கட்டத்துக்கு முக்கால் பங்கு எடை, விடுபடும் கடைசி உடைவுக்குக் கால் பங்கு என்று பிரித்தால் விரல் சொன்னபடி கேட்கும்.

ஜூன் 14, சனி

கை ஆடுவதைவிட சைட் பிசகுவதுதான் அடியைக் கெடுக்கும். இதை எத்தனை பேருக்கு வரைந்து காட்டினாலும் நம்ப மாட்டார்கள். அட்டையில் பத்தின் வட்டம் 11.5 மி.மீ. அகலம். 4.5 மி.மீ. பெல்லட்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே பத்து. ஆகவே நடுவிலிருந்து 8 மி.மீ. வரை விலகலாம். கை மொத்தமாக, சைட் இரண்டும் நேராக இருக்க, 7 மி.மீ. பக்கவாட்டில் ஆடினாலும் பத்துதான்.

முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. அங்கே 1 மி.மீ. பிசகினால் பத்து மீட்டரில் 30 மி.மீ. ஆகிவிடும். பத்து போய் ஏழு.

அதனால்தான் கண் முன் சைட்டில் நிலைக்க வேண்டும், அட்டையின் கறுப்பு வட்டம் மங்கலாகவே தெரிய வேண்டும். கறுப்புக்கும் முன் சைட்டுக்கும் இடையே வெள்ளை தெரியும்படி கீழே குறிவைப்பது இதற்குத்தான். கறுப்புக்குள் கறுப்பு முள் கரைந்துபோகும். கை ஆடுகிறதே என்று, நின்ற நொடியைப் பிடிக்க டிரிகரை வெடுக்கென இழுப்பவரின் அடி (வலது கைக்காரர் என்றால்) இடப்பக்கம் கீழே போய் விழும். ஆட்டம் ஆடட்டும், விரல் மட்டும் நிற்காமல் அழுத்தட்டும். பத்து நொடிக்குள் போகவில்லையா, கையை இறக்கிவிட வேண்டும். இறக்குவதில் வெட்கம் இல்லை.

ஜூன் 21, சனி

மழை. சுவரே வியர்க்கிறது. முட்டம், குளச்சல் பக்கம் கடலோர வீடுகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

பிஸ்டலோடு வரும் பெட்டியின் ஸ்பாஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்து, இரும்பில் விரல் ரேகை வடிவத்திலேயே துரு எழுப்பும். சுட்டு முடித்ததும் துணியால் துடைத்து, குழலின் வெளிப்புறத்தில் துப்பாக்கி எண்ணெய் மெல்லிசாக. பெட்டியில் சிலிக்கா ஜெல். நிறம் மாறினால் வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் காயவைத்து மறுபடி போடலாம். நம்மூர்ப் பழக்கத்தில் தேங்காய் எண்ணெய் தேய்க்கக் கை போகும். வேண்டாம், சில வாரத்தில் பிசுக்காகி டிரிகருக்குள் இறங்கும்.

சிலிண்டரை இந்த மாதங்களில் கைப்பம்பில் நிரப்புவது ஈரத்தையே அடைப்பது. வேறு வழி இல்லையென்றால் ஐம்பது தடவை அடித்ததும் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றவும். ஸ்கூபா டேங்கின் (முக்குளிப்பவர் முதுகில் கட்டும் காற்றுக் கலன்) உலர்ந்த காற்று மேல். வேகமாக நிரப்பினால் 200 காட்டிய முள், ஆறியதும் இறங்கி நிற்கும், மெல்ல நிரப்பவும். நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காரில் விடக் கூடாது. 30 டிகிரியில் 200 பார் என்றால் 60 டிகிரியில் 220. சீலுக்கு சிலிகான் கிரீஸ் மட்டும், சாதாரண எண்ணெய் அழுத்தத்தில் தீப்பிடிக்கும். ஆக்சிஜன் ஒருபோதும் கூடாது. பத்து வருஷம் கடந்த சிலிண்டர் பளபளவென்று இருந்தாலும் மாற்றவும்.

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கர் பிஸ்டல் பழுதால் தகுதிச்சுற்றின் நடுவே நிமிடங்களை இழந்தார். 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம். அவருக்கே அப்படி என்றால், மாற்று ஓ-ரிங்கும் (காற்றுக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஆலன் சாவியும் பையில் இல்லாமல் கிளம்பும் நமக்கு என்ன சாக்கு?

ஜூன் 29, ஞாயிறு

பெல்லட். தட்டை முனை, 4.49, 4.50, 4.51 என்று தலையளவு டப்பாவில் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஐந்தைந்தாக, பிஸ்டலை அசையாதபடி வைஸில் இறுக்கி வைத்துச் சுட்டு, எது சிறிய ஓட்டையோ அதை ஒரே பேட்சில் மொத்தமாக வாங்கிவிடலாம். பாவாடை (பின்விளிம்பு) நெளிந்ததும் வெள்ளைப் பொடி பூத்ததும் தனியே. ஈயம் தொட்ட கையோடு கட்டன் சாயா டம்ளரைத் தொடக் கூடாது. சோப்பு, பிறகு டம்ளர்.

பின்தடுப்புக்கு ரப்பர் ஷீட் தொங்கவிட்டால் போதும் என்பார்கள், இந்த ஊரில் ஷீட்டுக்குப் பஞ்சமில்லையே. கெட்டி ரப்பரும் கருங்கல் சுவரும் பெல்லட்டைத் திருப்பி அனுப்பும். பலகைப் பெட்டி, உள்ளே திணித்த பழந்துணி, கடைசியில் 3 மி.மீ. இரும்புத் தகடு: அது நிறுத்தும். பாதுகாப்புக் கண்ணாடி எல்லாருக்கும், பார்க்கிறவருக்கும். மொட்டை மாடி வேண்டாம்.

ஜூலை 6, ஞாயிறு

நான்கு பேர் கூடினால் நல்ல விளையாட்டு: அட்டையைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தைச் சுடுவது. குறி இல்லை, முன் சைட்டைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஐந்து ஓட்டை யாருக்கு நெருக்கமோ அவர் வென்றார். புள்ளி எண்ணும்போது வியர்ப்பவர்கள் இதில் சிரித்துக்கொண்டே சுடுவார்கள், அடுத்து கறுப்புப் பக்கம் திரும்பியதும் புள்ளியும் கூடியிருக்கும்.

அட்டையில் தேதி, பெல்லட் பேட்ச், டிரிகர் எடை மூன்றையும் எழுதிக் கட்டி வைக்கவும். ஐந்து ஓட்டை விழுவதற்கு முன்பு சைட்டின் திருகைத் தொடக் கூடாது. மேலும் கீழுமாக வரிசை விழுந்தால் மணிக்கட்டு, பக்கவாட்டு வரிசை என்றால் நிற்கும் நிலை. எல்லாப் பக்கமும் சிதறினால் க்ரிப் திருகை ஒரு முறை முறுக்கிப் பார்க்கவும். பாதி நேரம் அதுதான் தளர்ந்திருக்கும்.