நான்காம் படிவத்தில் ‘வல்லவன்’

ஜூன் 3, 2024, திங்கள்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையம் போய்ச் சேர கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓர் ஆல்பத்தை முழுசாகக் கேட்கத் தாராளமாகப் போதும். இன்று ‘வல்லவன்’ போட்டேன். எங்கள் மலேசியத் தமிழ் ராப் பாடகர் யோகி பி, நட்சத்திரா குழுவோடு சேர்ந்து 2006-இல் கொடுத்தது. சுபாங் ஜெயா தாண்டுவதற்குள் வாய் தானாக முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

அந்த வருஷம் நான் நான்காம் படிவம். ஐந்தாம் படிவத்தில் எழுதுகிற எஸ்.பி.எம். அரசுத் தேர்வு அடுத்த வருஷம்தான் என்பதால் யாரும் புத்தகத்தைத் தொடாத காலம். யோகி பி எங்களுக்குப் புதியவர் இல்லை. அண்ணனிடம் அவர் முன்பு இருந்த ‘பொயட்டிக் அம்மோ’ குழுவின் கேசட் இருந்தது. 1998-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம். ஆங்கிலம், மலாய், காண்டனீஸ் என்று கலந்துகட்டி ஓடும். நடுவில் தமிழ் எப்போது வரும் என்று காத்துக் கிடப்போம். ‘வல்லவன்’ வந்தபோது அந்த வேலை மிச்சம். அதில் தமிழ்தான் வீட்டுக்காரன், ஆங்கிலம் வந்து போகிற விருந்தாளி.

ஜூன் 4, செவ்வாய்

ஒரிஜினல் சிடி, ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு கேசட் கடையில் வாங்கியது. கூட்டாளிகள் சேர்ந்து காசு போட்டோம். சிடி யார் வீட்டில் இருப்பது என்பதில் வந்த சண்டை தனிக்கதை. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் திருட்டு எம்பி3 தட்டு மலிவாகவே கிடைத்தது. ஆனாலும் இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு வீம்பு. அப்புறம் அதையே புளூடூத்தில் பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பிவிட்டோம் என்பது வேறு விஷயம்.

ஜூன் 8, சனி

பாட்டு நோட்டைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

எங்கள் வகுப்புத் தமிழ்ப் பையன்களில் பாதிப் பேர் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள், மீதிப் பேர் மலாய்ப்பள்ளி. மலாய்ப்பள்ளிக்காரர்கள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், ஒரு வரி வாசிக்கத் தெரியாது. என் பக்கத்து மேசைக் கூட்டாளி அந்த ரகம். ‘வல்லவன்’ ஆல்பத்து ‘மடை திறந்து’ பாட்டை நிறுத்தி நிறுத்திப் போட்டு, சொல் சொல்லாகக் கேட்டு, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ரூமி எழுத்தில், அதாவது மலாய் எழுதுகிற ஆங்கில எழுத்தில், எழுதிக்கொண்டு வருவான். மலாய்க்கு எழுதுகிற மாதிரியே தமிழுக்கும் எழுத்துக் கூட்டியிருப்பான். ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து. புரியாத இடத்தில் கோடு போட்டு விட்டிருப்பான். அந்தக் கோடுகளை நிரப்புவது என் வேலை. ராப் வேகத்தில் ஓடும்போது எனக்கும் பாதி பிடிபடாது. இரண்டு பேரும் ஆளுக்கொரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, பாத்து தீகா ஆறுமுகம் கடையில் என்ன, பள்ளி கேண்டீனில் என்ன, எங்கே உட்கார்ந்தாலும் அதே வேலைதான்.

எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு மற்ற பாடமெல்லாம் முடிந்த பிறகு, மத்தியானத்தில். பசி, தூக்கம், வெயில் மூன்றும் கூடி வருகிற நேரம். ஆசிரியை எதுகை மோனை நடத்திக்கொண்டிருந்தார். ‘அகர’, ‘பகவன்’, இரண்டாம் எழுத்தைப் பாருங்கள் என்கிறார். யாரும் பார்ப்பதாக இல்லை. என் கூட்டாளி மட்டும் தலையைத் தூக்கி, “டீச்சர், இது யோகி பி செய்யறதுதானே?” என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. “எங்கே, செஞ்சு காட்டு” என்று கரும்பலகையில் ‘துப்பார்க்குத் துப்பாய’ குறளை எழுதினார். அவனுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே. நான் காதில் சொல்ல, அவன் மேசையைத் தட்டிக்கொண்டே சொன்னான். முதல் தடவை நாக்கு சுற்றிக்கொண்டது. இரண்டாவது தடவை ‘துப்பாக்கித் துப்பார்க்குத்’ என்ற இடத்தில் சரியாக அடி விழுந்து, ‘மழை’யில் வந்து நின்றான். டீச்சர் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, “இன்னொரு வாட்டி” என்றார்.

அதற்கப்புறம் அவன் தமிழ் எழுத்துப் பழகினான். டீச்சருக்காக இல்லை, அந்த நோட்டுக்காக.

ஜூன் 9, ஞாயிறு

பழைய இளையராஜா பாட்டின் மெட்டில் ராப் சேர்த்த ‘மடை திறந்து’ மேல் அப்பாவுக்குப் பயங்கரக் கோபம். போர்ட் கிள்ளானில் லாரி ஓட்டியவர், இளையராஜா பக்தர். மூலப் பாட்டு ‘நிழல்கள்’ படம், 1980, வாலி எழுதி எஸ்.பி.பி. பாடியது என்று மூச்சு விடாமல் சொல்லுவார். “அவ்வளவு நல்ல பாட்டுல பூந்து எதுக்குடா இவனுங்க சத்தம் போடறானுங்க?”

லாரியில் டி.எச்.ஆர். ராகா வானொலியில் இந்தப் பாட்டு வந்தால், ராஜா மெட்டு வருகிற இடத்தில் சத்தத்தைக் கூட்டுவார், ராப் வந்ததும் குறைத்துவிடுவார். கொஞ்ச நாளில், குறைத்த சத்தத்தைத் திரும்ப எந்த நொடியில் கூட்ட வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. ராப் எவ்வளவு நேரம் ஓடும் என்று மனப்பாடம் ஆகிவிட்டது! இதைச் சொன்னால் இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

என் கட்சி வேறு. அதற்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்த தமிழ் ராப் என்றால் 1994 ‘காதலன்’ படத்து ‘பேட்டை ராப்’. அட்டகாசமான பாட்டுதான், ஆனால் மெட்ராஸ் பாஷை, பாதி பிடிபடாது. நட்சத்திராவின் டாக்டர் பர்னும் எம்சி ஜெஸும், யோகி பியும் பேசியது எங்கள் ஊர் ஆட்கள் பேசியது. அந்தப் பழைய மெட்டு இல்லையென்றால் அப்பா மாதிரி ஆட்கள் அந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

ஜூன் 13, வியாழன்

மே 16, 2007, ஆசிரியர் தினம். மேடையில் பாட எங்களுக்கு அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: தொப்பி கூடாது, சட்டை உள்ளே இருக்க வேண்டும். சட்டையை உள்ளே விட்டு ராப் பாடிய ஒரே குழு நாங்களாகத்தான் இருப்போம். இசைத் தட்டு பாதியில் நின்றுவிட்டது. ஒரு சீனப் பையன் மைக்கைப் பிடுங்கி வாயாலேயே பீட் போட ஆரம்பித்தான். அவனுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எங்கே நிறுத்த வேண்டும் என்று மட்டும் தெரிந்திருந்தது. புளூடூத்தின் புண்ணியம்.

ஜூன் 16, ஞாயிறு

2007 நவம்பரில், தீபாவளிக்கு ‘பொல்லாதவன்’ படம் வந்தது. ‘எங்கேயும் எப்போதும்’ பாட்டில் எஸ்.பி.பி. குரலோடு யோகி பி குரலும். சென்னைக்காரர்கள் எங்கள் ஆளைக் கூப்பிட்டுப் பாட வைத்திருக்கிறார்கள் என்று தியேட்டரில் நாங்கள் போட்ட விசிலுக்கு முன்வரிசை ஆட்கள் திரும்பி முறைத்தார்கள். அதே மாதம் 25-ஆம் தேதி கோலாலம்பூரில் மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக ஹிண்ட்ராஃப் இயக்கம் நடத்திய பேரணி. எஸ்.பி.எம். நேரம், வீட்டில் வெளியே விடவில்லை. அப்பா மட்டும் விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டார், எங்கே என்று சொல்லவில்லை.

கூட்டாளி இந்தக் குறிப்புகளையெல்லாம் வாசித்துவிட்டு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருக்கிறான். நோட்டு இன்னும் அவன் அம்மா வீட்டில்தான் இருக்கிறதாம். சிடி என்னிடம்தான் இருக்கிறது என்று சாதிக்கிறான். இல்லவே இல்லை. யோகி பி பாடிய ‘ஆடுகளம்’ படம் பற்றியும் எழுதச் சொல்கிறான். அது 2011, நாங்கள் வேலைக்குப் போய்விட்ட காலம். அதை எழுதுவதானால் அவனே எழுதட்டும், இப்போதுதான் தமிழ் எழுதத் தெரியுமே.