ஓட்டோவுக்குக் கீழே காய்ந்த தரை: 1/35 மழைக் காட்சி, நான்கு வார வேலைக் குறிப்பு

ஸ்கேல் 1/35, அதாவது நிஜத்தில் 35 மி.மீ. இங்கே 1 மி.மீ. களம், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கை. ஒரு மதில், இரும்புக் கேட், ஓட்டோ, ஒரு பெண். பலகை 17 × 12 செ.மீ. இவ்வளவையும் நேர்த்தியாகச் செய்து ஒட்டிவிட்டால் டயோராமா, அதாவது ஒரு சம்பவத்தைச் சொல்கிற சின்ன மொடல் காட்சி, ஆகிவிடுமா? மூன்றாம் வாரம் வரைக்கும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை, எதை மாற்றியபோது ஆனது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதல் வாரம்: பலகையும் ரோட்டும்

12 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை. பிளாஸ்டரின் ஈரம் ஏறினால் எம்டிஎஃப் ஊதி வளைந்துவிடும். ஆகவே அடிப்பக்கம், விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் இரண்டு கோட்.

ரோட்டைத் தட்டையாகப் போடுவதுதான் அதிகம் பேர் விடும் பிழை. தார் ரோட்டு நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரியும். சரிவு கிட்டத்தட்ட 2.5 சதவீதம். இங்கே ரோட்டின் பாதி அகலம் 80 மி.மீ., எனவே நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் 2 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் அது இல்லாவிட்டால் ரோட்டு மேசைப்பலகை மாதிரிக் கிடக்கும். அந்தச் சரிவைத் தடித்த அட்டையில் வெட்டி, அதாலேயே பிளாஸ்டரை இழுத்துவிட்டால் போதும்.

60 கிராம் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸுக்கு 40 மி.லீ. தண்ணீர். அதில் ஏறக்குறைய 11 கிராம் தண்ணீர் பிளாஸ்டரோடு சேர்ந்து இறுகிவிடும், மிச்சம் 29 கிராமும் ஆவியாகிப் போகவேண்டும். கொழும்பில் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் இது ஒரு நாளில் நடக்காது. தொட்டுப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பலகையைச் சமையலறைத் தராசில் வைத்து தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து, இரண்டு நாள் தொடர்ந்து ஒரே நிறை காட்டும்போதுதான் பெயின்ட். இந்த முறை ஐந்து நாள் எடுத்தது.

தார் முகத்துக்கு ஆற்று மணல் வேண்டாம். தேத்தண்ணி வடியில் சலித்த மணலும் 1 மி.மீ. வரும், 1/35இல் அது 35 மி.மீ. கல். 180ஆம் நம்பர் சாண்ட்பேப்பரை ஈரமில்லாத பிளாஸ்டரில் அழுத்தி அழுத்தி எடுத்தால் கிடைக்கிற சொரசொரப்பு சரியாக இருக்கிறது.

இரண்டாம் வாரம்: ஓட்டோ

நிஜ ஓட்டோ நீளம் சுமார் 2.6 மீட்டர், மொடலில் 75 மி.மீ. உடல் 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகடு. டயர் 4.00-8, அதாவது அகலம் 4 அங்குலம், ரிம் 8 அங்குலம். ஆக மொத்த விட்டம் 16 அங்குலம், மொடலில் 11.6 மி.மீ. அகலம் 2.9 மி.மீ.; 0.75 மி.மீ. தகட்டில் வட்டம் நான்கு வெட்டி ஒட்டி, துளைக்கருவியில் மாட்டிச் சுழற்றித் தேய்த்தால் ஒரு டயர்.

பக்கத்துப் படங்குத் திரைக்கு டிஷ்யூ தடிப்பாகத் தெரிகிறது. சமையலறை அலுமினியத் தாள் கிட்டத்தட்ட 0.016 மி.மீ.; 35ஆல் பெருக்கினால் அரை மி.மீ. சொச்சம், நிஜப் படங்கின் தடிப்பு. மடிப்பும் சொன்னபடி நிற்கும். கைரேகை எண்ணெய் இருந்தால் பெயின்ட் உரியும், ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு பிரைமர்.

மெட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் இரவு மழையில் அடித்ததில் வெள்ளை பூத்தது. காற்றிலிருந்த ஈரம் வார்னிஷில் சிக்கியதால் வந்தது. பதறவேண்டாம். அதன் மேலே பளபளப்பு வார்னிஷ் மெல்லிய ஒரு கோட் கொடுத்தால் வெள்ளை மறைந்தது. பிறகு வெயில் நேரத்தில் மெட்.

மூன்றாம் வாரம்: அழகாக வந்த பிழை

கான் ஓரத்தில் நீர்க்குட்டை ஒன்று, இரண்டு பாக எப்பொக்சி ரெசினில். முதல் முயற்சி குமிழி: பிளாஸ்டரின் துளைகளிலிருந்து காற்று மேலே வந்தது. அடியில் வார்னிஷ் இரண்டு கோட் போட்டு அடைத்தபின் இரண்டாம் முயற்சி கண்ணாடியாக வந்தது. மதிலின் நிழல் அதில் விழுந்தது. எல்லாவற்றையும் வைத்துப் படம் எடுத்து, மொடல் பழக்கமே இல்லாத மூன்று பேரிடம் காட்டி, "என்ன நடக்குது?" என்று மட்டும் கேட்டதற்கு வந்த பதில்: "ஓட்டோ ஒண்டு நிக்குது."

அது டயோராமா இல்லை. நல்ல தரையில் வைத்த நல்ல மொடல், அவ்வளவுதான்.

டயோராமா என்ற பெயரை 1822இல் பாரிஸில் டகேரும் பூத்தோனும் தங்கள் காட்சிக் கூடத்துக்கு வைத்தார்கள். ஒளி ஊடுருவும் பெரிய துணி ஓவியம். முன்னாலும் பின்னாலும் வெளிச்சத்தை மாற்ற, பகல் இரவாகும். பார்ப்பவர் கண்ணெதிரே நேரம் நகர்ந்தது. நம்முடைய மொடலில் எதுவும் நகராது. ஆகவே, சற்று முன் நடந்ததையும் இனி நடக்கப்போவதையும் நகராத பொருட்களே காட்டவேண்டும். ஆள் ஒருவர், சின்ன மூலை ஒன்று என்று சுருக்கினால் அதை விக்னெட் என்பார்கள். அளவு வேறு, இந்த விதி அதற்கும் பொருந்தும்.

செய்த மாற்றம்: ஓட்டோவை முன்னுக்கு நகர்த்தினோம். அது முதலில் நின்ற இடத்தில் காய்ந்த தரை தெரிய வேண்டும். தூறல் தொடங்கி ஐந்து நிமிடம், ஓட்டோ இப்போதுதான் கிளம்புகிறது. இறங்கிய பெண் கேட்டடியில் கையைத் தூக்கியபடி. பின் சீட்டில் 11 மி.மீ. சிவப்புப் பை.

இப்போது நீர்க்குட்டை பொய்யாகிவிட்டது. குட்டை தேங்குமளவுக்கு மழை பெய்திருந்தால் ஓட்டோவுக்குக் கீழேயும் தண்ணீர் ஓடியிருக்கும். பார்ப்பவர் இதைச் சொல்லத் தெரியாமலே உணர்வார். இருந்ததில் அழகான பகுதி அதுதான். உளியால் பெயர்த்தெடுத்து, பிளாஸ்டரால் நிரப்பி, மறுபடி நிறுத்துக் காயவைத்தோம்.

நான்காம் வாரம்: காய்ந்த தரை

நனைந்த தாருக்கு: கடும் சாம்பல் மூன்று பங்கு, மண்ணிறம் ஒரு பங்கு, அரைப் பளபளப்பு. காய்ந்த இடத்துக்கு அதே கலவையில் இளஞ்சாம்பல் ஒரு பங்கு கூட்டி, முழு மெட். கறுப்பைப் போத்தலிலிருந்து நேரே பூசினால் இந்த ஸ்கேலில் குழி மாதிரித் தெரியும்.

காய்ந்த இடம் ஓட்டோவின் நேர் கீழே வராது. ஓட்டோ கிழக்கே, காலி வீதிப் பக்கம் பார்த்து இடது ஓரத்தில் நின்றது. காற்று தென்மேற்கிலிருந்து, அதாவது ஓட்டோவின் பின் வலப்பக்கத்திலிருந்து. அடித்தட்டு தரையிலிருந்து 5 மி.மீ.; மழை 20 பாகை சரிந்தால் காய்ந்த இடம் முன் இடப்பக்கமாக 2 மி.மீ. தள்ளி விழும். விளிம்பைக் கோடாக வெட்டாமல் ஸ்பொஞ்சால் தொட்டுத் தொட்டு உடைக்கவேண்டும். அதன் மேல் இப்போதுதான் விழும் துளிகள்: பழைய பல் துலக்கும் பிரஷைத் தட்டித் தெறிக்கவிடுவது. ஒரு துளி 0.3 முதல் 0.6 மி.மீ.க்குள் இருக்கவேண்டும், முதலில் கடதாசியில் தட்டிப் பார்க்கவும். பெரிதாக விழுந்தால் பெயின்டில் தண்ணீர் கூடிவிட்டது, அல்லது கை கிட்டவந்துவிட்டது.

காய்ந்த இடத்திலிருந்து ஓட்டோ வரைக்கும் மூன்று சக்கரத் தடம், ஒவ்வொன்றும் 2.9 மி.மீ., சுற்றியுள்ள ஈரத்தைவிடக் கொஞ்சம் வெளிறல். நடுத்தடம் முன்சக்கரத்துடையது. காரோ வேனோ இல்லை, ஓட்டோதான் போனது என்று தரையே சொல்கிறது.

மதில் தெற்கே பார்க்கிறது, மழை அதில் படும். ஆனால் மேல் விளிம்புக் கட்டுக்குக் கீழே 3 மி.மீ. காய்ந்தே இருக்கும். கேட்டில் கடற்காற்றுத் துரு. வெல்டிங் பொட்டுகளில் தொடங்கிக் கீழே வடியவிடவும், நனைந்த துரு கருமை கூடியது.

பெண் 45 மி.மீ., செப்புக்கம்பியில் எப்பொக்சி புட்டி. சுடிதாரின் சால் நுனி காய்ந்த இடம் தள்ளியிருக்கிற அதே திசைக்குப் பறக்கவேண்டும். இதை மறந்து எதிர்ப்பக்கம் வைத்த முதல் சால் நுனியைக் களைந்துவிட்டோம். அவளுடைய பார்வையும் தூக்கிய கையும் பையை நோக்கி நேர்கோட்டில். நூல் ஒன்றைப் பிடித்துச் சரிபார்த்தோம்.

அதே கேள்வி, வேறு மூன்று பேரிடம். இருவர் உடனே சொன்னது: "அக்கா பேக்கை விட்டுட்டா." மற்றவர் ஓட்டோ நின்ற இடத்தை விரலால் காட்டிவிட்டு, பிறகுதான் பையைக் கண்டார்.

கடைசி வேலை பெண்ணின் வலத் தோளிலும் முதுகிலும் கருமையான ஏழெட்டுத் துளிகள், மிக மெல்லிய 000 பிரஷில். இடத்தோளில் ஒன்றும் இல்லை.